கடைசியாக நன்றாக இருந்த நேரம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும். நடந்ததில் பாதி மறந்துவிடும், மறந்த பாதி எது என்பதும் தெரியாது. நம் கோயில் மாதர் குழுச் செயலாளர், "இந்தியாவுக்குப் போய் வந்தீங்களே ஆன்ட்டி, நம்ம ஆண்டு மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

முன்பு போய் வந்தவர்கள் கோபுரம், சிற்பம், பட்டுப்புடவை என்று அழகாக எழுதியிருந்தார்கள். நான் மாமல்லபுரம் கல் ரதங்களை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். உள்ளே போக என் தங்கை விடவில்லை. நான் நன்றாகப் பார்த்தது அந்த நாட்டு ஆம்புலன்ஸ் ஒன்றின் உள்பக்கத்தைத்தான். தெரிந்ததைத்தானே எழுத முடியும்.

தங்கை பெயர் சரோஜா. நாங்கள் மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரே லயத்து வீட்டில் பிறந்தவர்கள். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில் அப்பாவுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் போய், அவளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். இப்போது அவள் சதுரங்கப்பட்டினத்தில் மகன் மோகன், மருமகள் செல்வியோடு இருக்கிறாள். பிரிந்தபின் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது இத்தோடு மூன்று தடவை.

முதல் நாள் மோகன் விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்திருந்தான். கூடுவாஞ்சேரியில் நெரிசல். பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நம் ஊரில் என்றால் கார்கள் ஓரம் கட்டும், வண்டி போகும், கதை முடிந்தது. அங்கே ஓரம் என்ற ஒன்றே இல்லை. ஆனாலும் இரண்டு பேர் பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்கள். ஒருவர் லாரியின் பக்கவாட்டில் தட்டித் திட்டினார், ஒருவர் பஸ்ஸைப் பின்னால் தள்ளச் சொன்னார். பிளந்த மாதிரி வழி கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் மோகன் கியரை மாற்றி, ஆம்புலன்ஸின் முதுகில் ஒட்டுகிற மாதிரி காரைச் செருகினான்.

"டேய், என்னடா செய்யுற?"

"கம்முனு இருங்க பெரியம்மா. இவன் பின்னாடியே போய்க்கினு இருந்தா அரை மணி நேரம் மிச்சம். பாருங்க, எத்தினி பேரு வரானுங்க!"

திரும்பிப் பார்த்தேன். வழிவிட்ட பைக்குக்காரர்கள் இருவரும் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். சேவையும் ஆயிற்று, சௌகரியமும் ஆயிற்று.

இரண்டாம் நாள் வீட்டுச் சட்டம் தெரிந்தது. சரோஜாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. ஒரு ஆபீசில் கணக்கெழுதும் செல்வி, நான் வந்ததற்காக லீவு போட்டிருந்தாள். கெட்டிக்காரி, கண்டிப்பானவள், மாமியாரைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவள். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தாள். ஆறு மணி நடை. எட்டரை கேழ்வரகுக் கஞ்சி. ஒன்பதரை மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டம், கட்டத்தில் சரிக்குறி. குழம்பில் உப்பு இருந்ததா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. விருந்தாளிக்கு எப்படிக் கேட்பது?

"ஜெயில்ல கூட ஞாயித்துக்கெழம கறி போடுறாங்களாம்" என்றாள் சரோஜா என் காதில்.

மூன்றாம் நாள் மாமல்லபுரம். கல் ரதம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். இறங்கியதும் சரோஜா நேராகக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தட்டில் மசாலா பூசி அடுக்கிய மீனை நாம் காட்டினால் எண்ணெயில் போட்டுத் தருகிறார்கள். நான் ரதம் என்று வாயெடுத்தபோது, "அது கல்லுக்கா, எங்கயும் போவாது. மீனு ஆறிப்புடும்" என்றாள். வஞ்சிரம் நன்றாக இருந்தது, உப்பும் இருந்தது. ரதங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து அவற்றைப் பற்றிச் செல்வியிடம் அவள் சொன்ன விவரங்களைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

நாலாம் நாள் மழை, எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் காலை, அட்டவணைப்படி நடக்கப் புறப்பட்டோம். அந்த ஊர்ப் பழைய கோட்டைச் சுவரை ஒட்டி நூறு அடி நடந்திருப்போம். அதற்குமேல் நடை டீக்கடைக்குத் திரும்பியது. அவளுக்கு அது தினசரி வழிபோல. கடைக்காரர் கேட்காமலே இரண்டு மசால்வடையை இலையில் வைத்தார். பிறகு ஒரு பூரி செட். பிறகு சர்க்கரை தூக்கலாக டீ. எனக்கு ஆண்கள் நிற்கும் கடையில் நின்று சாப்பிடக் கூச்சம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மென்றேன்.

அப்போதுதான் அவள் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது.

"இன்னா ஆயா, ராவிக்கி சரக்கு அதிகமா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். சரோஜாவும் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. "கை மரத்துகினு கீதுக்கா" என்றாள். நாக்கு தடித்த மாதிரி இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நாற்பது. என் கடிகாரம் நம் ஊர் நேரத்தில்தான் ஓடியது. என் பிரஷர் மாத்திரையை அந்தக் கணக்கில்தான் விழுங்குவேன், அதனால் மாற்றவில்லை. கடைச் சுவரில் ஏழு பத்து.

சரோஜா தன் இடது கையால் என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணு. கட, வட, எதுவும் செல்வியாண்ட மூச்சு வுடக் கூடாது."

"வேணாம்டி, ஒரு மாதிரியா இருக்கே நீ."

"என் தலமேல சத்தியம் பண்ணுக்கா. சொன்னீன்னா என் தலைக்குத்தான் கேடு."

நடுத்தெருவில், நாலு ஆண்கள் பார்க்க, தலையில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? சத்தியம் செய்தேன்.

மெல்ல நடத்திக் கூட்டிவந்தேன். அசதி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலேயே உட்கார்ந்து, பூரி செரிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்குச் செல்வி மாத்திரையோடு வந்து எழுப்பினாள். சரோஜாவுக்கு வாய் கோணியிருந்தது. வலது கை தூக்கத் தூக்க விழுந்தது. பேச்சுக்குப் பதில் காற்றுதான் வந்தது. செல்வி ஒரு நொடிகூட வீணாக்காமல் நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். அங்கே ஆம்புலன்ஸுக்கு அந்த எண்தான் பெயரே. எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். எந்த ஊர், மூச்சு இருக்கிறதா, கண் திறக்கிறாரா, பக்கத்தில் அடையாளம் என்ன.

"கோட்டைக்குப் பின்னாடி" என்றாள் செல்வி.

அடுத்த வீட்டுக் கன்னியம்மா மீன் கூடையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தாள். "கோட்டைன்னா எந்தாண்டன்னு தேடிகினு நிப்பான்! மீனு ஏலம் வுடற எடம்னு சொல்லு!"

"கோயிலு வளைவுன்னாதான் சட்டுனு தெரியும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

சண்டை முடியவில்லை. அதனால் கன்னியம்மா தன் போனிலும் வாசல் குரல் தன் போனிலும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவரவர் அடையாளத்தைச் சொன்னார்கள். வண்டி எப்படியோ சரியாகத் தெருமுனைக்கு வந்து நின்றது. அங்கே ஓட்டுநரைப் பைலட் என்கிறார்கள். அவர் இறங்கியதும், "மூணு எடத்துல மூணு அம்மாவுக்கு முடியலன்னு தகவல் வந்துச்சு. எல்லாம் ஒருத்தங்கதானா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு முடியாமல் போனபோது நம் டாமான் குடியிருப்பில் வீட்டு முன்னால் ஆம்புலன்ஸ் வந்தது. அக்கம்பக்கத்தில் திரைச்சீலைகள் மட்டும்தான் அசைந்தன. இங்கே ஒரு தெருவே வீட்டுக்குள் இருந்தது. ஏலத்துக்கு நின்ற ஆண்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள், நாற்பது பேர் எப்படித் தூக்குவது என்று சொன்னார்கள்.

வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் ஒரு சின்னப் பெண், பெயர் ஜெயந்தி. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். பிறகு ஒரு தாளை எடுத்து, "அம்மா கடைசியா எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்க? கரெக்டா சொல்லுங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்தா கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா ஆபத்து, போட மாட்டாங்க" என்றாள்.

கேட்டது ஒரு கேள்வி. தாளில் இருந்தது ஒரு கட்டம்.

"எட்டரைக்குக் கஞ்சி குடிச்சாங்க, நல்லா இருந்தாங்க. ஒம்பதரைக்குத்தான் இப்படி" என்றாள் செல்வி.

"இன்னாமா பேசுற? நேத்தே மூஞ்சி ஒரு மாதிரி கீதுன்னு நான் சொன்னனா இல்லியா?" என்றாள் கன்னியம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் இருந்த மோகன் போனில், "அஞ்சரைக்கு நான் கெளம்பறப்ப நல்லா தூங்கிகினு இருந்தாங்க" என்றான். தூங்குகிறவள் நல்லபடியாகத் தூங்குகிறாளா என்று யாருக்குத் தெரியும்? வாசல் குரலுக்கும் ஒரு நேரம் இருந்தது.

எல்லாரும் ஒரு நேரம் கொடுத்தார்கள். தெரிந்த நான் மட்டும் கொடுக்கவில்லை. என் கை அவள் தலையில் இருந்த சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. சொன்னால் தலைக்குக் கேடு என்றாள். நோய் வந்திருப்பதும் தலைக்குத்தான்.

வண்டியில் கூட ஒருவர்தான் ஏறலாம். செல்வி ஏறினாள். ஆனால் சரோஜாவின் இடது கை என் கையை விடவில்லை. ஜெயந்தி பிரித்துப் பார்த்துவிட்டு, "சரி, பாட்டியம்மாவும் ஏறுங்க" என்றாள்.

ஊரைத் தாண்டிச் சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் செல்வி, "இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. எங்க டாக்டர் கிளினிக் இருக்கு. பன்னெண்டு வருஷமா அத்தைய பாக்குறாரு. அவர் ஒரு தடவ பாத்துட்டுச் சொன்னா போறோம்" என்றாள்.

"அங்க ஸ்கேன் இல்லக்கா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"ஒம்பதரைக்குத்தானே ஆச்சு? நாலரை மணி நேரம்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குதே. பத்து நிமிஷம் அவர் பாக்கட்டும்."

பைலட் வண்டியை ஓரம் நிறுத்தி, "என்ன முடிவு?" என்றார். ஜெயந்தி மேலிடத்து டாக்டரிடம் பேசப் போனை எடுத்தாள். செல்வியும் தன் டாக்டருக்குப் போன் போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடமாக நம்பிய ஒருவரை விட்டுவிட்டு முகம் தெரியாதவர்களிடம் மாமியாரைக் கொடுப்பது எளிதா? ஆனால் அவள் கையில் இருப்பதாக நினைத்த நேரம் அவள் கையில் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

நான் தொண்டையைச் செருமினேன். சரோஜா என்னைப் பார்த்தாள். ஒரு கண் சரியாக மூடவில்லை, வாய் காது பக்கம் போயிருந்தது. அந்த நிலையிலும் முறைத்தாள். நல்ல கையால் என் புறங்கையைக் கிள்ளினாள். கிள்ளு பலமாகத்தான் இருந்தது.

"ஒன்பது நாற்பது" என்றேன். கடிகாரத்தில் பார்த்தது அப்படியே வாயில் வந்துவிட்டது. "ஒன்பது நாற்பதுக்குத்தான் கிளாஸ் கீழே விழுந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

"பாத்தீங்களா!" என்றாள் செல்வி. "நான் சொன்னது பத்து நிமிஷம்தான் முன்ன பின்ன."

ஜெயந்தி பேனாவை எடுத்து ஒன்பது என்று எழுதத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன். அவள் போனில் மணி பத்து பத்து. அரை மணி நேரத்துக்கு முன்பா கிளாஸ் விழுந்தது? அப்புறம் நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய அந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று?

"எழுதாதே மகளே!" என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி எனக்கே ஞாபகமில்லை. முன்னால் இருந்த பைலட்டும் திரும்பிவிட்டார். "அது மலேசியா நேரம். இங்க ஏழு பத்து. டீக்கடைச் சுவத்துலயும் பார்த்தேன்."

ஜெயந்தி எழுதிய ஒன்பதை அடித்துவிட்டு ஏழு பத்து என்று எழுதினாள்.

"டீக்கடையா?" என்றாள் செல்வி.

"கிளாஸ் விழறதுக்கு முன்னாடி நல்லா பேசினாங்களா?" என்றாள் ஜெயந்தி.

"நல்லா பேசினாள். இன்னும் ஒரு வடை கேட்டாள்."

"என்னென்ன சாப்பிட்டாங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மசால்வடை, பூரி செட், டீ. ஜெயந்தி எழுதிக்கொண்டே வந்தாள். கோர்ட்டில் சாட்சி சொல்வது இப்படித்தான் இருக்கும் போல.

"டீயில சர்க்கரை போட்டா?" இந்தக் கேள்வியைக் கேட்டது செல்வி.

"தூக்கலா" என்றேன். சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெயந்தி விரல் விட்டு எண்ணினாள். "ஏழு பத்துன்னா பதினொன்னு நாப்பது வரைக்கும்தான். இப்ப பத்து பத்து. ஆஸ்பத்திரிக்கே முக்கா மணி நேரம். அப்புறம் ஸ்கேன் எடுக்கணும். அக்கா, நீங்க சொல்லுங்க."

செல்வி காதிலிருந்த போனை அணைத்தாள். "அண்ணே, நேரா போங்க" என்றாள். "நிக்காம போங்க."

திருக்கழுக்குன்றத்தில் ஊர்வலம் ஒன்று பாதிச் சாலையை அடைத்திருந்தது. மேளக்காரர்களே மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்களை ஒதுக்கினார்கள். ஜெயந்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எந்த நோய், எத்தனை வயது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது வந்து சேருவோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார், இரண்டு ஆட்டோ, எண்ண முடியாத பைக். முன் பைக்கில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிக் கும்பிட்டார். வழி செய்து கொடுத்ததற்கு நன்றி போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். உள்ளே அதே கேள்வியை மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் செல்வி ஒரு அடி பின்னால் போய் என்னை முன்னால் தள்ளினாள். "இந்தியா நேரம் ஏழு பத்து" என்று மூன்று தடவையும் சொன்னேன். பதினொன்று இருபத்தைந்துக்கு ஊசி போட்டார்கள். போட்டால் குணமாகிவிடும் என்று சொல்ல முடியாது, போடாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் செல்வியும் நானும் உட்கார்ந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கஞ்சி குடுக்கல பெரியத்த. எட்டரைக்கு வந்து பாத்தேன். தூங்கிகினு இருந்தாங்க, எழுப்ப மனசு வரல. கட்டத்துல டிக் மட்டும் போட்டுட்டுப் போய்ட்டேன். அப்பவே எழுப்பிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"நான் அப்ப அங்கதானே உட்கார்ந்திருந்தேன்" என்றேன். "நான்கூட உன்கிட்ட சொல்லலியே."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினி நாளா நடக்குது இந்த டீக்கட?" என்றாள். தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான்.

எட்டாம் நாள் சரோஜாவின் வலது கை விரல்கள் அசைந்தன. பேச்சு குழறினாலும் புரிந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டாள். உயிரைக் காப்பாற்றியவளிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"என் தலமேல... சத்தியம் பண்ணிட்டு... சக்கர தூக்கலுன்னு... சொல்லணுமா நீ?"

"அவங்க கேட்டாங்களே."

"பூரியோட நிறுத்தியிருக்கலாம்."

அதற்குமேல் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசாமலே என் கையைப் பிடித்தபடி படுத்திருந்தாள், வலது கையால். நான் ஊர் திரும்பும்போது சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். புடவை கட்டச் செல்வி உதவ வேண்டியிருக்கிறது. அட்டவணையில் நடை இப்போது வீட்டுக்குள்தான்.

எழுதச் சொன்னவருக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஊசியின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, எழுதவில்லை. ஊர்ப் பெயர்களின் எழுத்தும் சரியா என்று தெரியாது. விவரம் தெரிந்தவர் யாராவது பார்த்துத் திருத்தி அச்சில் போடவும். நேரங்களைச் சரிபார்க்க ஜெயந்தி எழுதிய தாள் ஆஸ்பத்திரியில் இருக்கும். தயவு செய்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டாம். இப்போது அங்கே எல்லாருமே ஏழு பத்து என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் பேசியபோது, அன்றைக்கு டீக்கடையில் கிளாஸ் விழுந்ததும் சரோஜாவைத் தாங்கிப் பிடித்ததே தான்தான் என்று கன்னியம்மா என்னிடமே சொன்னாள்.